சோப்பில் விழுந்த யானைப் பரணி

வாழ்க அவள்! மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே மேசைமேல் தேடும் மாண்பினள். சாக்பீஸ் துகள் படிந்த தோள்பையே தேராக, பதினான்கு சாவி கோத்த வளையமே கிண்கிணியாக, நடைபாதை அதிர வருபவள். நாள்தோறும் பத்து நாற்பது முதல் பதினொன்று பத்து வரை முப்பதே நிமிடம் செங்கோல் செலுத்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஆசிரியர் அறையில் உட்கார நாற்காலி கிடைக்காமல் ஜன்னலோரம் சாய்ந்து நிற்கும் பேரரசி. அந்த ஆரம்பப் பள்ளியின் வாசிப்பு டீச்சர் வாழ்க, வாழ்க!

சுவரில் ஒரு மூலை உரிந்து தொங்கும் உயிர்மெய் அட்டையே, இருநூற்றுப் பதினாறு மறவரை வரிசை குலையாமல் நிறுத்தி வைத்திருக்கும் பாசறையே, உன்னைத் தொழுது தொடங்குகிறேன். சொல்ல வந்ததைக் கொம்பு முறியாமல், கால் சுளுக்காமல் கரைசேர்ப்பாயாக. போர்க்களத்தில் ஆயிரம் யானையை வீழ்த்திய வீரருக்கே பரணி பாடுவது மரபு என்பார்கள். இங்கே வீழ்ந்தது ஒரே ஒரு யானை. அதுவும் வேல் பட்டு அன்று, சோப்பில் கால் வைத்து. ஆனாலும் அந்த யானையை விழவைக்க எத்தனை வாரம் ஆயிற்று, எத்தனை பேர் வியர்த்தார்கள் என்று அறிந்தோர் இதையும் பரணி என்றே ஒப்புவர்.

முதலில் களம். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் ஓர் அறை. கதவில் ‘வாசிப்பு அறை’ என்று தாள் ஒட்டியிருந்தது. தாளுக்கு அடியில் ‘விளையாட்டுச் சாமான்’ என்ற பழைய பெயின்ட் எழுத்து எட்டிப் பார்த்தது. இரண்டில் பெயின்ட்தான் உண்மை பேசியது. வலைப்பைக்குள் பந்துகள், சுவரோரம் வளையங்கள், மூலையில் சுருட்டிய பாய்கள். இவற்றுக்கு நடுவே குட்டி நாற்காலி எட்டு, தட்டையான மேசை ஒன்று, எட்டுப் பக்கப் புத்தகம் ஒன்று. குளிக்கப் போன யானை சோப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற கதை அது. ஆறாம் பக்கத்தில் மூன்றே வரி. ‘யானை சோப்பைத் தேடியது. சோப்பு வழுக்கியது. யானை விழுந்தது.’ ஆகா, அந்த நடுவரியின் கடைசிச் சொல்! அகழி சூழ்ந்த கோட்டை போல, ழுகரம் காவல் காக்க, ககர ஒற்று கதவடைத்து நிற்க, அதன் வாசலில் சறுக்கி விழாத பிள்ளை அந்த அறையில் இல்லை.

இனிப் படை. இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறுகிறவர்கள் என்று பொறுக்கி அனுப்பப்பட்ட அறுவர்; வீட்டில் பேசும் மொழிகள் மூன்று. ஆடும் முன்பல்லை நாக்கால் தள்ளியபடி “ரத்தம் வருது டீச்சர்!” என்று முழங்கிப் பின்வாங்குவதில் இணையற்ற பல்லாட்டி ஒருவன். படிக்கும் முறை வந்தவுடன் தொண்டை பாலைவனமாகிவிடும் தாகசாந்தி ஒருத்தி. தம் வீட்டு மொழியில் கிசுகிசுத்துக்கொண்டே ஒருவர் பிழையை மற்றவர் தலையில் கட்டும் இரட்டையர் இருவர். படத்தைப் பார்த்தே முழுக் கதையையும் ஒப்பிக்கும் மனப்பாடப் புலி ஒருவன். புத்தகம் தலைகீழாக இருந்தாலும் அவனுக்கு ஒரு சொல் பிசகாது, ஆனால் ஒரு சொல்லைத் தனியே எழுதிக் காட்டினால் யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

ஆறாவது ஆள், பென்சில்.

அவளை வகுப்பே அப்படித்தான் அழைத்தது. ஏழு வயது, இரட்டைச் சடை, உதடுகள் பூட்டிய கதவு. புத்தகம் தன் பக்கம் திரும்பும் கணத்தில் பைக்குள்ளிருந்து துருவியை எடுத்துப் பென்சிலைச் சீவத் தொடங்குவாள். முனை ஊசியாகும், ஒடியும், மீண்டும் சீவுவாள். மணியடிக்கும்போது மேசைமேல் மரச்சுருள் குன்றுபோல் குவிந்திருக்கும், பக்கமோ திறந்த இடத்திலேயே கிடக்கும். துருவியை டீச்சர் பறிமுதல் செய்த நாளில் இடப்பக்கப் பையிலிருந்து இன்னொன்று வந்தது. அதையும் வாங்கியபோது அவள் வாயாலேயே மரத்தைக் கடித்துச் சீவினாள். பதினோரு வாரத்தில் ஒன்பது பென்சில் மாண்டது. அவள் வாயிலிருந்து டீச்சர் கேட்டதெல்லாம் ‘ம்’ என்ற ஒற்றை மெய்யெழுத்து.

அவள் அப்பா டைல்ஸ் ஒட்டுபவர். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம், ஓர் ஊர் முடிந்தால் அடுத்த ஊர். இது அவளுக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். போன இரண்டிலும் எழுத்துகள் வேறு வேறு உருவத்தில் இருந்தன. அரைகுறையாய்ப் பழகும் முன்பே லாரி வந்து நின்றது. இனி வரும் எழுத்தும் எத்தனை நாளைக்கு என்று அவள் நினைத்திருந்தால், அதில் அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

டீச்சர் மட்டும் சளைக்கவில்லை. வண்ண அட்டைகளை அம்பு மழையாகப் பொழிந்தாள். அவை சீவல் குன்றில் பட்டு உதிர்ந்தன. நட்சத்திர ஸ்டிக்கர்களைப் பரிசாக வைத்து ஆசை காட்டினாள். பென்சில் ஏறிட்டும் பார்க்கவில்லை. பாட்டாகப் பாடினாள், கைதட்டிச் சொன்னாள், மாவை உருட்டி எழுத்துச் செய்தாள். தாகசாந்தி அந்த மாவில் தண்ணீர் ஊற்றியதோடு அந்தப் படையெடுப்பு முடிந்தது. கடைசி ஆயுதமாகச் சாம்பல் நிறப் பொம்மை யானை ஒன்றைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து அலமாரியின் உச்சியில் வைத்தாள். அது அங்கேயே தூசி படிந்து உட்கார்ந்திருந்தது.

இப்படிப் பன்னிரண்டாம் வாரத்துத் திங்கட்கிழமை, காலடி ஓசையாலேயே மூன்று வகுப்பறைகளை மௌனமாக்க வல்ல தலைமையாசிரியர் அந்தச் சிற்றறை வாசலில் குனிந்து நின்று, முரசறைந்தார்:

“வெள்ளிக்கிழமை நானே வந்து கேக்கப் போறேன். ஆளுக்கு ஒரு பக்கம். படிச்சா சந்தோஷம். படிக்கலைன்னா அடுத்த டெர்ம் ஒண்ணாங் கிளாஸ்ல போய் உக்காரட்டும்.”

டீச்சர் அவர் பின்னாலேயே நடைபாதைக்கு ஓடினாள். “சார், அந்தப் பொண்ணுக்கு இது மூணாவது ஸ்கூல் சார். இதோட மூணு எழுத்து மாத்தியாச்சு.”

“அதத்தான் நானும் சொல்றேன் டீச்சர். அடியிலேருந்து வரட்டும். நல்லதுதானே?”

நல்லதுதான், ஒன்றே ஒன்றைத் தவிர. முதல் வகுப்பில் பென்சிலின் சொந்தத் தங்கை இருந்தாள். ஆறு வயது, ஓட்டைவாய், ஊர்ப்பட்ட பேச்சு. சேதி காற்றில் பறந்து மதியத்துக்குள் அவளை எட்டியது. சிறுமி பூரித்துப்போனாள். தன் பெஞ்சில் பக்கத்து இடத்தைக் கையாலேயே துடைத்து, “எங்கக்கா வரப் போறா, யாரும் உக்காராதீங்க” என்று தன் தண்ணீர் பாட்டிலைக் காவலுக்கு வைத்தாள். அக்காவை வராந்தாவில் பார்த்து அந்த இடத்தை விரல் நீட்டியும் காட்டினாள். பகைவன் எறிந்த ஈட்டியைக் கேடயத்தால் தடுக்கலாம். அன்போடு துடைத்து வைத்த பெஞ்சை எதைக் கொண்டு தடுப்பது? பென்சிலின் முகம் சிவந்ததை நடைபாதையின் மறுமுனையிலிருந்து டீச்சர் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை விதி வலைப்பையின் உருவில் வந்தது. பல்லாட்டி நாற்காலியைப் பின்னால் சாய்க்க, நாற்காலி அலமாரியில் மோத, உச்சியில் தொங்கிய வலைப்பை அவிழ்ந்து, பந்துகள் ஆலங்கட்டி மழைபோல் பொழிந்து, அவற்றோடு பொம்மை யானையும் தும்பிக்கை முன்னாக வந்து பென்சிலின் உச்சந்தலையில் பொத்தென்று இறங்கியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பென்சில் துள்ளி எழுந்து, பதினோரு வாரமாகப் பூட்டியிருந்த வாயைத் திறந்து, தன் வீட்டு மொழியில் ஒரு சொல்லைக் கத்தினாள்.

தொண்டைக்குள் தொடங்கி, மூக்கில் ஒரு திருப்பம் திரும்பி, விக்கலில் முடிகிற சொல் அது. யானை என்று பொருள் என்பது டீச்சருக்குப் புரிந்தது; சாம்பல் நிற யானை அவள் காலடியிலேயே கிடந்ததே! என்ன தோன்றிற்றோ, டீச்சர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

பென்சில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேசைமேல் கவிழ்ந்து, மூச்சுத் திணறச் சிரித்தாள்.

“டீச்சர்,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நீங்க பூசணிக்கான்னு சொல்லிட்டீங்க.”

முழு வாக்கியம். பிழையற்ற தமிழ். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க வேண்டியது கண்ணாடி அல்ல.

“சரி, நீயே சொல்லிக் குடு.”

“வாயத் தெறங்க. இல்ல, அவ்ளோ வேணாம். நாக்க மடிக்காதீங்க. இல்ல டீச்சர். மறுபடி.”

எத்தனை கொடுங்கோன்மை! எத்தனை இரக்கமின்மை! பத்து முறை சொல்லவைத்தாள் அந்த ஏழு வயது வாத்தியார். பத்தாவது முறையும் தேறவில்லை. டீச்சர் தன் ஸ்டிக்கர் தாளை மெல்ல அவள் பக்கம் நகர்த்தி ஒரு நட்சத்திரத்துக்குக் கை நீட்டினாள். பென்சில் தாளை மடித்து வைத்தாள். “நாளைக்குச் சரியாச் சொன்னா தரேன்.”

அங்கேயே, பந்துகள் உருண்டு கிடந்த அந்தக் களத்திலேயே, உடன்படிக்கை ஒன்று எழுந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல். டீச்சர் அவர்கள் வீட்டு மொழியில் ஒன்றை முயல வேண்டும்; பிறகு அவர்கள் புத்தகத்திலிருந்து ஒன்றை முயல வேண்டும். இரட்டையர் தங்கள் மொழிக்கும் பங்கு கேட்டார்கள். பல்லாட்டி வீட்டில் தமிழ்தான். எனவே அவன் தன் அத்தை ஊரில் மட்டும் சொல்வதாக ஒரு சொல்லைத் தானே இட்டுக்கட்டிக் கொடுத்தான், அதையும் டீச்சர் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டாள். புதன்கிழமை தாகசாந்திக்குத் தாகம் எடுக்கவில்லை. மனப்பாடப் புலி முதல்முறையாகப் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத்தைப் பார்த்தான். பென்சில் ‘சோப்பு’ படித்தாள், ‘யானை’ படித்தாள், வழுக்கியது என்னும் கோட்டையின் வாசல் வரை வந்து, உதட்டை மடித்துக்கொண்டு துருவியைத் தேடினாள்.

அன்று மாலை டீச்சர் தன் வீட்டு அடுப்படியில் நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு பயிற்சிக்கு அமர்ந்தாள். முதல் சொல்லைச் சொன்னாள். சொதப்பல். இரண்டாவதைப் பார்த்ததும் ஷெல்ஃபில் டப்பாக்கள் கோணலாக இருப்பது உறுத்தியது, எழுந்து நேராக்கினாள். உட்கார்ந்தாள். தாகமாக இருந்தது. தண்ணீர் குடித்தாள். குழாயடியில் நின்றபடி திடீரென்று தன்னைத் தானே பார்த்துக்கொண்டாள். ஐம்பது வயதை எட்டப்போகிற, இருபது ஆண்டு பாடம் நடத்திய பெண்மணி, எட்டுச் சொல்லுக்குப் பயந்து டப்பா அடுக்கிக்கொண்டிருக்கிறாள்! பென்சில் மரத்தைச் சீவிக்கொண்டிருந்ததன் பொருள் அவளுக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் விளங்காதபடி அந்தக் குழாயடியில் விளங்கியது.

மறுபடி உட்கார்ந்து, தொண்டை, மூக்கு, விக்கல் என்று வரிசையாக முயன்றாள். எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து வந்த கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா, தும்மல் வந்து நின்னுபோச்சா?”

“யானை சொல்றேங்க.”

“யானைக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க பாப்போம்.”

அவர் சொன்னார். முதல் தடவையிலேயே அச்சாக வந்தது. டீச்சர் அவரோடு சாப்பிட்டு முடியும்வரை பேசவில்லை.

வியாழன் உடன்படிக்கையோடு போயிற்று. வெள்ளி விடிந்தது.

பத்து நாற்பத்தைந்துக்குத் தலைமையாசிரியர் குனிந்து நுழைந்தார். யானைக்குத் தொட்டில்போல அவருக்குக் குட்டி நாற்காலி. முழங்கால்கள் காதுவரை ஏற, மடியில் குறிப்பேட்டை விரித்து வீற்றிருந்தார். பல்லாட்டி முதல் பக்கத்தைப் பல்லைப் பற்றி மூச்சே விடாமல் படித்தான். தாகசாந்தி எச்சிலை விழுங்கி விழுங்கிப் படித்து முடித்தாள். இரட்டையர் ஆளுக்கொரு பக்கம். ஒருவன் திணறியபோது மற்றவன் மேசைக்கடியில் காலால் இடித்து ஊக்கினான். புலி ஐந்தாம் பக்கத்தில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் தானே நின்று, திரும்பி வந்து திருத்தினான். ஒப்பித்தவன் தவறமாட்டான், படிப்பவன்தான் தவறுவான் என்பதால் டீச்சருக்கு அந்தப் பிழை தேனாக இனித்தது.

ஆறாம் பக்கம் பென்சிலிடம் போயிற்று. அவள் புத்தகத்தைத் தொடவில்லை. தலைமையாசிரியரையே பார்த்தாள்.

“சார் முதல்ல சொல்லணும்,” என்றாள்.

“நானா? என்ன சொல்லணும்?”

“இங்க வர்றவங்க ஒரு வார்த்த சொல்லணும் சார். அதான் ரூல்.”

பென்சில் யானைச் சொல்லைத் தெளிவாக, நிதானமாகச் சொன்னாள். மூன்று வகுப்பறைகளை மௌனமாக்குகிற அந்தக் குரல் தொண்டையில் தொடங்கியது. மூக்கில் வழி தவறியது. விக்கலுக்குப் பதில் இருமலில் முடிந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் பூசணிக்காய். இரட்டையர் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். தலைமையாசிரியரின் காது மடல் சிவந்தது. கை தானாகச் சட்டைப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மாட்டி, மீண்டும் கழற்றியது.

பென்சில் அந்தப் பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கவனித்தாள்.

“பரவால்ல சார்,” என்றாள் மெதுவாக. “முதல்ல எனக்கும் வரல. அப்புறம் சொல்லலாம்.” புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“யானை... சோப்பைத்... தேடியது.”

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. “சோப்பு.” விரல் நகர்ந்து, கோட்டை வாசலில் நின்றது.

இனி நான் பாடப்போவதே இந்தப் பரணியின் பெரும்போர்; கேட்போர் மூச்சடக்குக. பென்சில் நின்றாள். ஒரு நொடி, இரு நொடி, ஐந்து நொடி. டீச்சரின் நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொண்டு, அவிழ்த்துவிடு அவிழ்த்துவிடு என்று கட்டுத்தறியை முறிக்கும் மதகளிறாய்ப் பிளிறியது. இருபதாண்டுப் பழக்கம் முழுவதும் வெள்ளமாய்த் திரண்டு உதட்டணையை முட்டியது. வலக்கை அவளைக் கேளாமலே எழுந்து அந்த முதல் எழுத்தைச் சுட்டிக்காட்டப் பாய்ந்தது. அந்தக் கையை இடக்கையால் மடக்கிப் பிடித்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அமர்ந்து, பல்லால் உதட்டைப் பூட்டி, கண்ணால் ஜன்னல் கம்பிகளை எண்ணி, தலைமையாசிரியர் வாய்திறக்கப்போனபோது நெற்றிக் கண்ணாடி நழுவி மூக்கில் விழும்படி அவரை ஒரு பார்வை பார்த்து அடக்கி, ஆறு நொடி, பத்து நொடி, பதினைந்து நொடி, இருபது நொடி பேசாதிருந்தாளே, அந்தப் பேசாமைக்கு ஈடான வீரம் எந்தக் களத்திலும் இல்லை!

“வ,” என்றாள் பென்சில். “வழு. வழுக். வழுக்கி.” விரல் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. “வழுக்கியது. சோப்பு வழுக்கியது.”

நிறுத்தினாள். புருவம் உயர்ந்தது. அடுத்த வரியைப் படிக்கும் முன்பே உதட்டோரம் துடித்தது, “யானை விழுந்தது!” என்று படித்துவிட்டுக் கெக்கலித்துச் சிரித்தாள். எழுத்துக்குச் சிரிக்கவில்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய யானை இத்தனூண்டு சோப்பில் விழுந்ததற்குச் சிரித்தாள். தாள் அவளிடம் பேசிவிட்டது. யானை வீழ்ந்தது, கோட்டை வீழ்ந்தது, பல்லாட்டி மேசையைத் தட்டி முரசு கொட்டினான்.

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். “போதும்மா. ஒரு பக்கம்தான். நல்லாப் படிச்ச.”

“இருங்க சார்,” என்றாள் பென்சில், தலை நிமிராமல், ஏழாம் பக்கத்தைப் புரட்டியபடி. “அது எந்திரிச்சுச்சா இல்லையான்னு பாக்கணும்.”

பார்த்தாள். தட்டுத் தடுமாறி, இரண்டிடத்தில் நின்று, ஓரிடத்தில் பல்லாட்டியின் தோளை இடித்துக் கேட்டு, ஏழும் எட்டும் முடித்தாள். யானை எழுந்துவிட்டிருந்தது. தலைமையாசிரியர் அந்த முழுநேரமும் குட்டி நாற்காலியில் அசையாமல் இருந்தார். பிறகு குறிப்பேட்டில் ஆறு பெயருக்கு எதிரிலும் ‘இரண்டாம் வகுப்பு’ என்று எழுதினார். எழும்போது நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது, இரட்டையர் இழுத்துவிட்டார்கள். வாசலில் குனிந்தவர் திரும்பி, டீச்சர் காதில் மட்டும் விழும்படி கேட்டார்: “அந்த வார்த்தைய எனக்கு ஒரு சீட்டுல எழுதித் தாங்களேன். திங்கக்கிழமை வந்து சொல்லிக் காட்டுறேன்.”

வாழ்க அவர் நாக்கு! வாழ்க அறுவர் படை! வாழ்க, இருபது நொடி வாய் மூடி இருந்து ஒரு பேரரசையே வென்ற முப்பது நிமிடக் கோமகள்! திசையெட்டும் முழங்குக, வளையங்கள் உருள்க, பாய்கள் விரிக, காற்றுப்போன பந்துகளும் ஒருமுறை எம்பிக் குதிக்க!

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு.